தரங்கம்பாடியில் பதினொரு ஞாயிறு: லாங் எக்ஸ்போஷர் பழகிய கணக்கு

கடல் பால் மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும், அதற்குள் கிடக்கிற கல் மட்டும் கல்லாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்த படம் இவ்வளவுதான். கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் கதவான ஷட்டரை நொடிக்கணக்கில், நிமிடக்கணக்கில் திறந்து வைத்து எடுப்பது, அதற்குப் பெயர் லாங் எக்ஸ்போஷர். இதற்காக 2023 நவம்பர் கடைசியிலிருந்து 2024 பிப்ரவரி முடிய, மழை பெய்த வாரங்களை விட்டுவிட்டு, பதினொரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன். எடுத்த படம் 214. பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று தோன்றியது ஒன்று. அந்த ஒன்றுக்கும் நான் காசு கொடுத்து வாங்கிய ஃபில்டர் தேவைப்படவில்லை என்பது தனிக்கதை, அது கடைசியில் வரும்.

மீதி 213 ஏன் தேறவில்லை என்பதுதான் இங்கே விஷயம். ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, கம்ப்யூட்டரில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, என்ன தப்பு, எதனால் இருக்கலாம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டை இப்போது புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. பத்து வாரமும் நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தண்ணீர் ஒரு நாளும் படத்தைக் கெடுக்கவில்லை. அது அசையத்தானே செய்யும், அசையட்டும் என்றுதானே போனோம். கெடுத்ததெல்லாம் அசையக் கூடாத சாமான்கள்.

தரங்கம்பாடி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1620ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1706ல் சீகன்பால்கு வந்து இறங்கியது, 1845ல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் கிளம்பியது எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வருகிறவர்கள் கோட்டையை எடுப்பார்கள். எனக்கு வேண்டியது அதற்கு வடக்கே கரையோரமாக இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில். 1306ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து அதன் முன்பகுதியைத் தின்றுவிட்டது, மேலும் தின்னாமலிருக்கக் கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். தெற்கே நின்று வடக்கே பார்த்தால் இடப்பக்கம் கோயில், வலப்பக்கம் கடல், காலடியில் அலை ஏறி இறங்கும் கற்கள். இந்தத் திசையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு துப்பு அதில்தான் இருக்கிறது.

கேமரா ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர், 24 மெகாபிக்சல், கூடவே வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸ் (18ல் காட்சி அகலம், 55ல் நெருக்கம்). கேமராவைத் தாங்கும் முக்காலியான ட்ரைபாட் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பனிடம் இரவல்.

முதல் வாரத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஷட்டரைப் பத்து நொடிக்கு வைத்தால் தண்ணீர் பாலாகிவிடும் என்று எங்கேயோ படித்ததை நம்பி, காலை ஏழரை மணி வெயிலில் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 100, அப்பர்ச்சர் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் ஓட்டை, எண் கூடினால் ஓட்டை சின்னது) எஃப் 22, பத்து நொடி. திரையில் வந்தது வெள்ளைத்தாள். கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து ஆஃப் செய்து ஆன் செய்தேன், திரும்பவும் வெள்ளைத்தாள். அந்த வெயிலுக்கு எஃப் 22ல் ஏறக்குறைய 1/50 நொடி போதும். பத்து நொடி என்றால் அதைப் போல ஐந்நூறு மடங்கு. ஐந்நூறு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றிவிட்டு ஏன் வழிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால்தான் என்டி ஃபில்டர். கேமராவுக்குப் போடும் கூலிங்கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் வாங்கியது திருகினால் இருட்டு கூடிக் குறையும் வகை, ஒன்றை வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமே என்ற நடுத்தரக் குடும்பத்துப் புத்தி. அதன் உள்ளே ஒரு திசையில் அதிரும் வெளிச்சத்தை மட்டும் விடும் போலரைசர் கண்ணாடிகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கடைசி வரைக்கும் திருகினால், அதுவும் 18 மில்லிமீட்டர் அகலத்தில், வானத்தின் குறுக்கே பெருக்கல் குறி போட்ட மாதிரி கறுப்புப் பட்டை விழும். இரண்டாவது வாரம் எடுத்த எல்லாப் படத்திலும் கோயிலுக்கு மேலே யாரோ தப்பு என்று குறி போட்டிருந்தார்கள். மலிவானதில் அது சீக்கிரமே வந்துவிடுகிறது. பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, மாறாத இருட்டுள்ள பத்து ஸ்டாப் ஃபில்டர் வாங்கினேன். அதன்மேல் என்டி 1000 என்று போட்டிருக்கும்.

ஸ்டாப் என்றால் பெரிய விஷயமில்லை, வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது ஒரு ஸ்டாப். பத்து ஸ்டாப் என்றால் பத்து முறை பாதி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும். ஃபில்டர் இல்லாமல் 1/15 நொடி என்று கேமராவின் வெளிச்ச மீட்டர் காட்டினால், விரல் மடக்கியே கணக்குப் போடலாம்: 1/8, 1/4, 1/2, 1, 2, 4, 8, 15, 30, 60. பத்து விரல், அறுபது நொடி. சரியாகப் பெருக்கினால் 68 வரும், அந்த எட்டு நொடி பெரிய வித்தியாசம் செய்யாது. முப்பது நொடிக்கு மேல் போக வேண்டுமென்றால் பல்ப் மோடு (அமுக்கியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்), அதற்கு ஒரு வயர் ரிமோட். விரலால் ஷட்டரை அமுக்கிப் பிடித்துக்கொண்டே நின்ற ஒரு வாரமும் நோட்டில் இருக்கிறது, அதைத் தாண்டிப் போய்விடலாம்.

இனிமேல்தான் உண்மையான வழக்கு.

மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது வாரம். வெளிச்சம் சரி, நேரம் சரி, தண்ணீர் நான் கேட்ட மாதிரியே பால். ஆனால் கோயில் மங்கல். கேமராத் திரையில் சின்னதாகப் பார்க்கும்போது அருமையாக இருக்கும், அந்த சந்தோஷத்தில் வரும் வழியில் ஆக்கூரில் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டில் வந்து பெரிதாக்கினால், கோபுரத்தின் விளிம்பு சோறு வடித்த கஞ்சி மாதிரி குழைந்து கிடக்கும். ட்ரைபாட் ஆடுகிறது என்று முடிவு கட்டினேன். நடுத்தண்டை மேலே தூக்காமல் வைத்தேன். அடியில் கொக்கி இருந்தது, பையில் மணலை நிரப்பித் தொங்கவிட்டேன். கழுத்துப் பட்டை காற்றில் பாய்மரம் மாதிரி படபடத்துக்கொண்டிருந்தது, கழற்றி வீட்டிலேயே வைத்தேன். லென்ஸில் இருக்கும் கையாட்டம் குறைக்கும் ஸ்விட்சை ஆஃப் செய்தேன், ட்ரைபாட் மேல் இருக்கும்போது அது இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே ஆடும் என்பார்கள். எல்லாமே செய்ய வேண்டியதுதான், ஒன்றும் வீணில்லை. ஆனாலும் மங்கல் போகவில்லை.

ஐந்தாவது வாரம் ராத்திரி படத்தை மூலை மூலையாக நகர்த்திப் பார்த்தபோதுதான் உறைத்தது. ட்ரைபாட் ஆடியிருந்தால் எல்லாம் ஒரே மாதிரி ஆடியிருக்க வேண்டும், ஆட்டம் இழுத்த கோட்டுக்கு ஒரு திசை இருக்கும், விளிம்பு இரண்டு இரண்டாகத் தெரியும். இதில் அப்படி இல்லை. கோயில் மங்கல், அதற்கு முன்னால் உள்ள கற்கள் அரைகுறை, என் காலடியில் ஒன்றரை மீட்டரில் கிடந்த கல்லில் பாசியின் நார் வரைக்கும் எண்ணலாம். இது ஆட்டமில்லை, ஃபோகஸ். கோயிலுக்கு வைத்த ஃபோகஸ் என் காலடிக்கு வந்திருக்கிறது. யார் மாற்றியது?

நான்தான். என் லென்ஸில் ஃபோகஸ் மாறும்போது முன்பக்கக் கண்ணாடிக் குழாயே சுழலும், கேமராவோடு சேர்ந்து வரும் பழைய கிட் லென்ஸ்கள் பலவற்றில் அப்படித்தான். ஃபில்டர் போட்ட பிறகு இருட்டில் ஃபோகஸ் பிடிக்காது என்பதால் முதலில் ஃபோகஸ் வைத்து, ஆட்டோவை மேனுவலுக்கு மாற்றி, அதன் பிறகு ஃபில்டரைத் திருகி மாட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைத்தான் ஒழுங்காகச் செய்தேன். மேனுவலுக்கு மாற்றினதும் அந்தக் குழாய் தளர்ந்துவிடுகிறது, ஃபில்டரைத் திருகத் திருக அதுவும் கூடவே திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் என் கையாலேயே ஃபோகஸைக் கெடுத்துக்கொண்டு மூன்று வாரம் ட்ரைபாடைத் திட்டியிருக்கிறேன். வைத்தியம்: எலக்ட்ரீஷியன் ஒட்டும் கறுப்பு டேப் இரண்டு துண்டு, ஃபோகஸ் வைத்தவுடன் குழாயை அசையாமல் ஒட்டிவிட்டு, அதையும் இடது கை விரலால் பிடித்துக்கொண்டு ஃபில்டரைப் பூப்போல மாட்டுவது. மாட்டிய பிறகு டேப் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. ஐந்து ரூபாய்க்கும் குறைவு.

அந்த வாரம் ஃபோகஸ் தீர்ந்தது, அடுத்த வாரம் விளிம்பு இரண்டு இரண்டாக வந்தது. இப்போது நிஜமாகவே ட்ரைபாட்.

நான் நின்றது அலை வந்து திரும்பும் ஈரமணல். கடற்கரையில் வெறுங்காலோடு நின்றவர்களுக்குத் தெரியும், அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் மணல் உருவிக்கொண்டு போகும், கால் தானாக இறங்கும். மனிதன் சமாளித்துக்கொள்வான், ட்ரைபாட் என்ன செய்யும். எவ்வளவு இறங்கினால் படம் கெடும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் ட்ரைபாடை விரித்தால் ஒரு காலுக்கும் மற்ற இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். ஒரு கால் மட்டும் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் கேமரா 800ல் ஒரு பங்கு சாயும். 18 மில்லிமீட்டர் லென்ஸில் அது படம் பதியும் தகடான சென்சார் மேல் 0.0225 மில்லிமீட்டர். என் சென்சாரில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, 0.0037 மில்லிமீட்டர். ஆக, ஆறு பிக்சல். மூன்று காலும் ஒன்றாக ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலும் தூரத்துக் கோயில் படத்தில் அசையாது, ஒரு கால் மட்டும் நகத்தின் தடிமன் அளவு இறங்கினால் கோபுரம் இரட்டைக் கோபுரம். இந்தக் கணக்கைப் போட்டது நல்லதாகப் போயிற்று. அதுவரை கனமான ட்ரைபாட் வாங்கலாமா என்று விலை பார்த்துக்கொண்டிருந்தேன், கனமானது இன்னும் வேகமாக இறங்கியிருக்கும்.

தீர்வு சொன்னது அங்கே தினமும் வலை உலர்த்தும் ஒரு மீனவ அண்ணன். ஆறு வாரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், ஒன்றும் பேசியதில்லை. அன்றைக்குப் பொறுக்க முடியவில்லை போல.

“ஏன் தம்பி, மேலாக்க வச்சா அது எப்படி நிக்கும்? பந்தக்கால் நட்டதில்லையா நீ?”

“கல்லு மேல வச்சாலும் வழுக்குதுண்ணே.”

“கல்லு மேல ஏன் வைக்கிற? மணல்லயே அசச்சு அசச்சு எறக்கு. அதுவா ‘போதும்’னு நிக்கும் பாரு, அதுக்கு மேல எறங்காது.”

அவரே ஒரு காலைப் பிடித்து, ஈரமணலில் இடவலமாகச் சின்னச் சின்னதாக ஆட்டினார். ஆட்ட ஆட்ட மணல் கூழாகி இளகி, கால் ஒரு சாண் உள்ளே போனது. நிறுத்தியதும் மணல் இறுகிக்கொண்டது. நான் பிடித்து அழுத்தினேன், இறங்கவில்லை. மற்ற இரண்டு காலுக்கும் அதே மாதிரி செய்து, நாலைந்து அலை வந்து போகட்டும் என்று காத்திருந்து, அப்புறம் படம் எடுத்தேன். விளிம்பு ஒன்றாக வந்தது. அன்றிலிருந்து கால்களைக் குறைந்தது ஒரு சாண் புதைப்பது என்று வழக்கமாகிவிட்டது. நண்பனின் ட்ரைபாடுக்குள் மணலும் உப்பும் புகுந்து கரகரவென்றது, வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் ஒவ்வொரு கணுவாக நீட்டிக் கழுவிக் காயவைப்பேன். மூன்று மாதம் கழித்து அவனிடம் கொடுத்தபோது முன்னைவிடச் சுத்தமாக இருக்கிறதே என்றான், நான் வாயைத் திறக்கவில்லை.

ஏழாவது வாரம், நாலு நிமிடப் படங்கள். வானத்தில் மேகம் ஓடியது, அது கோடு கோடாக இழுக்க வேண்டும் என்று ஆசை. மேகம் இழுத்தது. கூடவே படத்தின் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு வெளிறல், ஈரச் சுவரில் சுண்ணாம்பு பூத்த மாதிரி. ஃபில்டர் மட்டமானது என்று நினைத்தேன், ஏற்கெனவே அது படத்துக்கு ஒரு செம்மண் சாயல் கொடுத்துக்கொண்டிருந்தது. ரா ஃபைலில் (கேமரா மெருகூட்டாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்தால் நிறத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நோட்டைப் பார்த்தால், விடிவதற்கு முன் எடுத்த எதிலும் அந்த வெளிறல் இல்லை. சூரியன் வந்த பிறகு எடுத்ததில் மட்டும்தான். அதிலும் கடலைப் பார்த்துக் கிழக்கே திருப்பி எடுத்த இரண்டு படத்தில் இல்லை.

திசையை நினைவில் வைக்கச் சொன்னேனே, இதற்குத்தான். நான் வடக்கே பார்த்து நிற்கிறேன். மார்கழி, தை மாதங்களில் சூரியன் நேர் கிழக்கில் எழுவதில்லை, தென்கிழக்கே சாய்ந்து எழுகிறது. ஆக, அது எனக்கு வலப்பக்கம் சற்றுப் பின்னால். கேமராவின் பின்பக்கம், கண் வைத்துப் பார்க்கும் சின்ன ஜன்னலான வியூஃபைண்டரில் சாய்வாக வெயில் விழுகிறது. சாதாரணமாக 1/100 நொடியில் அந்த வழியாக உள்ளே கசியும் வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை. லென்ஸ் வழியாக வருவதை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டு நாலு நிமிடம் திறந்து வைத்தால், வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து போட்ட கதை. அதே கறுப்பு டேப், வியூஃபைண்டர் மேல் ஒரு துண்டு. ஊதா போயிற்று.

எட்டாவது வாரம் கேமராவே என்னைத் தோற்கடித்தது, அதாவது நான் மெனுவைப் படிக்காதது. நீண்ட நேரம் திறந்திருந்தால் சென்சார் சூடாகிப் படத்தில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் வரும். அதைத் துடைக்க ஒரு வசதி இருக்கிறது, ஆன் செய்து வைத்திருந்தேன். அது என்ன செய்யுமென்றால், நாலு நிமிடப் படம் முடிந்ததும் ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு நாலு நிமிடம் வெறும் இருட்டைப் படம் எடுத்து, அதில் வரும் புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு படத்துக்கு எட்டு நிமிடம். நம் ஊர் விடியல் எவ்வளவு நேரம் தெரியுமா? பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் சூரியன் செங்குத்தாக ஏறும், விளக்கில்லாமல் சுற்றுமுற்றும் தெளிவாகத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்து சூரியன் தலைகாட்டும் வரை இருபத்திரண்டு, இருபத்துமூன்று நிமிடம்தான். அதற்குள் வெளிச்சம் நூறு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது, அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப். ஐரோப்பாக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் நீல வெளிச்சம் கிடைக்கும் என்று நம்பிப் போனால் அவ்வளவுதான். அன்றைக்கு அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டு படம், இரண்டும் வெளிறல். முதல் நொடி வெளிச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு நாலு நிமிடம் காத்திருந்தால், முடியும்போது வெளிச்சம் இரட்டிப்புக்கும் மேலாகியிருக்கும். இப்போதெல்லாம் விடியலில் கணக்கு என்ன சொன்னாலும் அதில் மூன்றில் இரண்டு பங்கில் மூடிவிடுகிறேன். புள்ளி துடைக்கும் வசதியை ஆஃப் செய்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் லென்ஸை மூடி ஒரே ஒரு இருட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் கழித்துக்கொள்கிறேன்.

ஒன்பதாவது வாரம் பாசிக் கல்லில் வழுக்கி முழங்கால் சிராய்ப்பு, ரிமோட் கடலுக்குப் போயிற்று. வாடைக்காற்றுக்கு எதிராக லென்ஸை நீட்டியதில் ஃபில்டர் மேல் உப்புப் படலம் வேறு. அவ்வளவுதான் அந்த வாரம்.

பத்தாவது வாரம் எல்லாம் சரியாக வந்தது. ஃபோகஸ் சரி, ட்ரைபாட் சரி, கசிவு இல்லை, புள்ளி இல்லை, வெளிச்சம் சரி. நாலு நிமிடம். வீட்டில் வந்து பெரிதாக்கிப் பார்த்தேன், கோபுரத்தில் கல் இடுக்கு தெரிந்தது. அப்புறம் முழுப் படத்தையும் பார்த்தேன். போட்டோ ஸ்டுடியோவில் ஐஸ் புகை விட்ட மாதிரி இருந்தது. கடலே இல்லை. கற்கள் பனிமூட்டத்தில் மிதந்தன. மூன்று மாதமாகத் தேடியது கையில் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம், வழவழக் கடலுக்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது, அதில் மிக அழகான படங்களும் உண்டு. என் படத்தில் அது எடுபடவில்லை. கடல் தின்ற கோயிலைப் படம் எடுத்துவிட்டு, தின்ற கடலைப் பஞ்சாக்கி வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் அரைமணி நேரம் இருட்டில் அலையை எண்ணினேன், செல்போன் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு. அன்றைக்கு ஏழெட்டு நொடிக்கு ஒரு அலை. ஏறுவதற்கு இரண்டு மூன்று நொடி, கொஞ்சம் தயங்கி, கல் இடுக்கு வழியாக நரம்பு நரம்பாகப் பிரிந்து வடிய நாலு நொடி. அப்போதுதான் புரிந்தது, தண்ணீருக்கு ஒரு நீளம் இருக்கிறது. கால் நொடி திறந்தால் நுரை தெறிப்பது. நாலு நொடி திறந்தால், சரியான நேரத்தில் திறந்தால், ஒரே ஒரு வடிதல், அதன் கோடுகளோடு. எட்டு நொடி என்றால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பும். முப்பது நொடியில் நாலு அலைகளின் சராசரி வந்துவிடும், அதற்கு மேல் நாலு நிமிடம் திறந்தாலும் தண்ணீரில் எதுவும் கூடாது, அது ஏற்கெனவே சராசரியாகிவிட்டது. மேகத்துக்கு மட்டும்தான் அந்தக் கூடுதல் நேரம். நான் தண்ணீருக்காக நாலு நிமிடம் காத்திருந்ததெல்லாம், வெந்த சோற்றை இன்னும் ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்த மாதிரி.

நாலு நொடிக்கு விடியலுக்கு முன் ஃபில்டரே வேண்டாம். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, சூரியன் எழப் பதிமூன்று நிமிடம் இருக்கும்போது மீட்டர் சரியாக நாலு நொடி காட்டியது. எஃப் 22 எல்லாம் எப்போதோ விட்டாயிற்று, அவ்வளவு சின்ன ஓட்டையில் வெளிச்சம் சிதறிப் படம் முழுக்க மெத்தென்று ஆகிவிடும், என் கேமராவுக்கு எஃப் 8, எஃப் 11ஐத் தாண்டுவதில்லை. ட்ரைபாடைப் புதைத்தேன். அலை ஏறும்போது விரலை ரிமோட்டில் வைத்து, தயங்கும்போது அமுக்கினேன். புது ரிமோட்.

இந்த நேரத்தில் அந்த மீனவ அண்ணன் படத்தின் சட்டத்துக்குள் வந்து நின்றார், கணுக்கால் தண்ணீரில், கயிறு சுற்றிக்கொண்டே. இதில் ஒரு பழைய பாக்கி உண்டு. முந்தின வாரம் நாலு நிமிடப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது குறுக்கே நடந்து போய்விட்டு, “அய்யய்யோ, கெடுத்துட்டனா தம்பி” என்று பதறினார். படம் முடிந்ததும் காட்டினேன், அதில் அவர் இல்லவே இல்லை. “நான் போனனே, எங்க?” என்று திரையைத் தடவிப் பார்த்தார். போட்டோகிராஃபியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாகர் 1838ல் பாரிஸில் ஒரு தெருவைப் படம் எடுத்த கதையைச் சொன்னேன். சந்தடி மிகுந்த தெரு, வண்டியும் ஆளுமாகப் போய்க்கொண்டிருந்தது. தகடு பதிய நிமிடக்கணக்கில் ஆன காலம் அது. படத்தில் தெரு வெறிச்சென்று இருக்கிறது, ஓரத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போடக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற ஒரு ஆள் மட்டும் பதிந்திருக்கிறார், நின்றதால். பாலிஷ் போட்டவர் கலங்கலாகத்தான் தெரிவார். அண்ணன் கேட்டுவிட்டு, “அப்ப நின்னா உளுவேன்” என்றார்.

அதனால்தான் வந்து நின்றாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் ஏழு முறை ஷட்டரை அமுக்கினேன், நாலாவதில் அலையும் அவரும் ஒத்து வந்தார்கள். கல் இடுக்குகளில் தண்ணீர் வெள்ளை நூலாகப் பிரிந்து இறங்குகிறது, இடப்பக்கம் கோயில் கறுப்பாக, வானம் கத்தரிப்பூ நிறத்தில், நடுவில் அவர்.

எட்டுக்குப் பன்னிரண்டு சைஸில் இரண்டு பிரிண்ட் போட்டு, ஒன்றை அவரிடம் கொடுத்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். கால் ஊன்றி நின்றதால் முழங்கால் வரை, லுங்கியின் கட்டம் வரை அச்சு அசல். மேலே கயிறு சுற்றிக்கொண்டிருந்த இரண்டு கைகளும் இருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு வட்டம்.

“காலெல்லாம் நல்லா உளுந்திருக்கு,” என்றார். “கை எங்கய்யா?”

“ஆட்டிக்கிட்டே இருந்தீங்களேண்ணே.”

“ஆட்டாம கயிறு எப்படிச் சுத்துறது?” என்று கேட்டுவிட்டு, படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வலைப்பக்கம் போனார்.